ஓதம் பார்த்து அறை எடுங்கள்: மோர்கம் மிட்லாண்டில் ஒரு ஜனவரி

"ஏங்கண்ணு, மத்தியானம் இருந்த கடல் எங்க போச்சு?" என்று அப்பா கேட்டார்.

ஜனவரி கடைசி சனிக்கிழமை, மணி மூன்று. இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயர் கரையில் இருக்கிற மோர்கம் என்ற ஊரில், மிட்லாண்ட் ஓட்டலுக்குப் பக்கத்து நடைபாதையில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு மணிக்குப் பெட்டியை வைக்க வந்தபோது கடல் கரைச்சுவரை ஒட்டி அடித்துக்கொண்டிருந்தது. தெறித்த தண்ணீர் அப்பாவின் கண்ணாடியில் பட்டு, அவர் துடைத்துப் போட்டுக்கொண்டார். ரெண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை பழுப்பு மணல், அதில் நரம்பு போல ஓடும் வாய்க்கால்கள், எங்கோ தூரத்தில் வெள்ளிக் கோடாகத் தண்ணீர். ஈரோட்டுக்காரருக்குத் தண்ணீர் வற்றுவது புதிதில்லை. ஒரு வளைகுடாவே ரெண்டு மணி நேரத்தில் வற்றிப் போவது புதிது.

அந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இதைத் திட்டமிட்டுத்தான் பார்க்க முடியும், அதிர்ஷ்டத்தை நம்பிப் போனால் பார்க்க முடியாது என்பதை அதற்கு முந்தைய பயணத்தில் கற்றுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் லீட்ஸில் இருக்கிறோம். அப்பா ஈரோடு எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில் வரவேண்டாம் என்று சொல்லியும், பேரனின் பிறந்தநாள் என்று அம்மாவோடு ஜனவரியில் வந்துவிட்டார். வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற மனிதர், இந்த வருடம் போக முடியவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க எனக்கும் பொறுக்கவில்லை. அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. அம்மாவையும் பிள்ளையையும் வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு, அப்பாவும் நானும் மட்டும் கிளம்பினோம்.

முந்தைய பயணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எழுதக் காரணமே அதுதான். அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு டிசம்பரில், வாடகை குறைவாகக் கிடைத்த தேதியில் அறை எடுத்து நானும் வீட்டுக்காரரும் இதே ஊருக்குப் போனோம். சனிக்கிழமை ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், இருட்டிவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் வெறும் சேறு. பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்து கிளம்பும் வரைக்கும் சேறுதான். கடல் ஓட்டலில் தங்கிக் கடலைப் பார்க்காமல் திரும்பினோம். இவ்வளவு செலவு செய்து இதற்கா வந்தோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. மோர்கம் விரிகுடா சுமார் 310 சதுர கிலோமீட்டர். பிரிட்டனிலேயே கடல் ஏறி இறங்கும் மணல் வெளிகளில் இதுதான் பெரியது. கடல் இப்படி ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்கிறோம். பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் சுமார் பத்து மீட்டர் ஏறி இறங்குகிறது, ஏறக்குறைய மூன்று மாடி உயரம். தரை சரிவே இல்லாமல் தட்டையாக இருப்பதால் அந்தத் தண்ணீர் பல கிலோமீட்டர் தூரம் உள்ளே வந்து பல கிலோமீட்டர் வெளியே போகிறது. அமாவாசை, பௌர்ணமி கழித்து ஒன்றிரண்டு நாளில் ஓதம் பெரிதாக இருக்கும் என்பது நம் கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த ஊரில் அந்தப் பெரிய ஓதம் எப்போதும் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும்தான் உச்சத்துக்கு வரும். அதுவே அஷ்டமி நவமி வாக்கில், ஓதம் சிறுத்திருக்கும் நாட்களில், தண்ணீர் ஏறுவது காலை ஆறு, மாலை ஆறு மணி வாக்கில். கோடையில் அதனால் ஒன்றும் நஷ்டமில்லை, ஆறு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் எட்டு மணிக்கு மேல் விடிந்து நான்கு நாலரைக்கு இருட்டிவிடுகிறதே! நாங்கள் போனது அப்படி ஒரு வார இறுதி. தண்ணீர் ரெண்டு தடவையும் இருட்டில் வந்து இருட்டில் போய்விட்டது.

அதனால் இந்தத் தடவை வாடகையைப் பார்ப்பதற்கு முன்னால் நிலாவைப் பார்த்தேன். அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரில் தைப்பூசம் எந்தத் தேதி என்று பார்த்து, அதை அடுத்து வரும் சனி ஞாயிறைப் பிடித்தேன். பிறகு இணையத்தில் மோர்கம் ஓத அட்டவணையைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால். அதற்கப்புறம்தான் அறை பதிவு செய்தேன். குளிர்கால வார இறுதிக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் செய்தால் போதும், மீதி எல்லாம் தானாக அமைந்துவிடும்.

லீட்ஸிலிருந்து மோர்கமுக்கு நேரடி ரயில் உண்டு, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், அதனால் நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். லண்டனிலிருந்து வருகிறவர்கள் லங்காஸ்டரில் இறங்கி வண்டி மாறினால் பத்து நிமிடம். லீட்ஸ் பாதை ஸ்கிப்டன், கிகிள்ஸ்விக், பென்தம் என்று சின்னச் சின்ன ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும். ஆட்டு மந்தைகள், கருங்கல் சுவர்கள், மலை உச்சியில் பனி. இந்தப் பாதையில் கூட்டம் அலைமோதிய காலம் ஒன்று உண்டு. யார்க்‌ஷயர் ஆலைத் தொழிலாளர்கள் விடுமுறைக்கு இங்கேதான் வருவார்களாம், பலர் ஓய்வு பெற்றபின் குடியேறவும் செய்தார்கள், கடலோர பிராட்ஃபோர்டு என்றே இந்த ஊருக்குப் பட்டப்பெயர் இருந்தது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சிக்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

லங்காஸ்டர் தாண்டியதும் அவருக்கென்று வைத்திருந்த செய்தியைச் சொன்னேன். லங்காஸ்டரிலிருந்து மோர்கம், ஹேஷம் வரைக்குமான பாதையை 1908-லேயே மிட்லாண்ட் ரயில்வே மின்மயமாக்கியது. 6,600 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். 1950-களில் அதே பாதையைத்தான் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் வருகிற அதே மின்சாரத்தில் ரயில் ஓட்டலாமா என்று சோதித்துப் பார்த்தார்கள். 1966-ல் அந்த மின்பாதையை மூடிவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க 25 கிலோவோல்ட் 50 ஹெர்ட்ஸ் இன்ஜினோடு பழகினவர் அப்பா. "இந்த ஊர்லயா சாமி பண்ணிப் பாத்தாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இப்போது மோர்கமுக்கு ஓடுவது டீசல் வண்டி, லங்காஸ்டரிலிருந்து வருகிற தடமும் வேறு. மேலே கம்பி இல்லை என்பதை அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டார்.

ஸ்டேஷனிலிருந்து ஓட்டல் ஐந்து நிமிட நடை. ஆனால் திறந்தவெளி. கடற்காற்று நேராக முகத்தில் அறையும். வயதானவர்களைக் கூட்டி வருகிறவர்களுக்கு: மங்கி குல்லா, கையுறை மட்டும் போதாது, காற்று புகாத மேல்சட்டை கட்டாயம் வேண்டும். அப்பாவுக்கு மூன்று ஸ்வெட்டர் போட்டுவிட்டேன், எல்லாவற்றிலும் காற்று நுழைந்தது. ஓட்டலுக்குப் போனதும் என் மழைக்கோட்டைக் கழற்றி அவருடைய ஸ்வெட்டருக்கு மேலே போட்ட பிறகுதான் நடுக்கம் நின்றது. ஒரு ஸ்வெட்டரும் ஒரு மழைக்கோட்டும் மூன்று ஸ்வெட்டரைவிட மேல்.

இனி ஓட்டல். 1933-ல் லண்டன் மிட்லாண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே கட்டியது. அதற்கு முன்பும் அங்கே ஒரு பழைய ரயில்வே ஓட்டல் 1848 முதல் இருந்தது. ஆலிவர் ஹில் என்ற கட்டடக் கலைஞர் அதற்குப் பதிலாக, வெள்ளை வெளேரென்று, மூன்று மாடியில், கப்பல் ஒன்று கரையேறித் திரும்பி நிற்பது போல ஒரு வளைவைக் கட்டினார். குழிந்த பக்கம் அந்தக் காலத்து ரயில் நிலையத்தைப் பார்க்கிறது, புடைத்த பக்கம் கடலைப் பார்க்கிறது. ரயிலில் வந்து இறங்கினவரை இரண்டு கையையும் விரித்து வாங்கி, அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கடலிடம் விடுகிற மாதிரி. எதிரே இருந்த பழைய ஸ்டேஷன் இப்போது கலையரங்கம். ஓட்டல் போர்க்காலத்தில் ராணுவ மருத்துவமனையாக இருந்தது, பிறகு கை மாறிக் கை மாறி, 1998-ல் மூடிப் பாழாகக் கிடந்தது. இதைக் காப்பாற்றவேண்டும் என்று ஊர்க்காரர்கள் சங்கம் வைத்துப் பாடுபட்டார்கள். அர்பன் ஸ்பிளாஷ் நிறுவனம் எடுத்துச் செப்பனிட்டு 2008-ல் மறுபடி திறந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது எவ்வளவு சுலபம் என்பதை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம், அதனால் அந்த ஊர்க்காரர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

உள்ளே போனதும் நேராக லிஃப்டுக்குப் போய்விடாதீர்கள். வாசல் கோபுரத்துக்குள் சுழன்று ஏறும் மாடிப்படி இருக்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், படியின் வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிப் போய், உச்சியில் வட்டமான ஒரு வண்ணச் சிற்பத்தில் முடியும். கடல் தெய்வம். எரிக் கில் என்ற சிற்பி செய்தது. வெளியே கோபுர உச்சியில் இருக்கும் இரண்டு கல் கடற்குதிரைகளும், கீழ்த்தளத்தில் இருக்கும் பெரிய கல் புடைப்புச் சிற்பமும் அவருடையவைதான். அந்தப் புடைப்புச் சிற்பம், கப்பல் உடைந்து கரையொதுங்கிய கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸை நௌசிக்கா என்ற இளவரசி வரவேற்கிற காட்சி. ஓட்டலுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. அப்பாவிடம் கதையைச் சொன்னேன், ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எரிக் கில் தன் சொந்த மகள்களையே பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியவர். அவருடைய நாட்குறிப்பிலேயே அது இருந்தது, 1989-ல் வெளியான வாழ்க்கை வரலாற்றில்தான் ஊருக்குத் தெரிய வந்தது. அதை நான் அப்பாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, மாலையில்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அந்தப் பக்கம் போகும்போது அவர் அந்தச் சிற்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கல் அழகாகத்தான் இருக்கிறது, மனசுதான் அங்கே நிற்க மறுக்கிறது. தெரியாமல் ரசிப்பதைவிடத் தெரிந்து சங்கடப்படுவது மேல் என்று நினைப்பதால் இதை இங்கே எழுதுகிறேன்.

ஓட்டலின் ஒரு முனையில் வட்டமான கண்ணாடி அறை இருக்கிறது, இப்போது பார். 1933-ல் இதன் சுவர்களில் எரிக் ரவிலியஸ் என்ற ஓவியர் மனைவியோடு சேர்ந்து கடற்கரைக் காட்சிகளை வரைந்தார். சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வரைய வேண்டி வந்ததால் வண்ணம் சீக்கிரமே உரிய ஆரம்பித்தது. திறப்பு விழாத் தேதி நெருங்கிவிட்டால் எந்த நாட்டிலும் இதே கதைதான். "ஈரம் காயாத செவுத்துல அடிச்சா நிக்குமா?" என்றார் அப்பா. ரவிலியஸ் 1942-ல், போர் ஓவியராக இருந்தபோது, ஐஸ்லாந்துக்கு அருகே விமானத்தில் போனவர் திரும்பவில்லை. அவர் வரைந்த சுவர் ஓவியமும் மிஞ்சவில்லை.

அறை பதிவு செய்யும்போது கடல் பக்கம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், ஊர்ப் பக்கத்து அறைகளும் உண்டு. கொஞ்சம் கூடுதல் ஆனாலும் குளிர்காலத்தில் அதற்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் பாதி நேரம் அறைக்குள்தான் இருப்பீர்கள். அறை எடுக்க முடியாதவர்கள் கவலைப்படவேண்டாம், தங்காதவர்களும் உள்ளே வந்து தேநீர் குடிக்கலாம், சாப்பிடலாம். வார இறுதி என்றால் முன்பதிவு வேண்டும்.

பெட்டியை வைத்துவிட்டு பஸ் பிடித்து ஹேஷம் கிராமத்துக்குப் போய் வந்தோம். அங்கே கடலைப் பார்த்த ஒரு பாறை மேட்டில், புனித பேட்ரிக் பெயரில் ஒரு பழைய கோயிலின் இடிபாடு. பக்கத்தில் பாறையிலேயே வெட்டிய கல்லறைகள், ஆறு வரிசையாக. சுமார் ஆயிரம் வருடம் பழையவை. ஆள் படுக்கிற அளவுக்குக் குடைந்து, தலைப்பக்கம் சிலுவை நட ஒரு குழி. மழை பெய்திருந்ததால் ஆறிலும் தண்ணீர் நிறைந்து மேலே கண்ணாடி போல மெல்லிய பனிப்படலம், அதற்குள் மேகம் ஓடியது. கோடையில் போனால் அங்கே கூட்டம், அதோடு இந்தத் தண்ணீரும் இருக்காது. பாறை வழுக்கும், பிடிமானமுள்ள காலணி வேண்டும். அப்பா கையை நான் விடவே இல்லை.

மூன்று மணிக்குத் திரும்பினோம். நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியை அப்பா அப்போதுதான் கேட்டார்.

தேநீரை மூன்றரைக்குச் சொல்லி வைத்திருந்தேன், இதுவும் திட்டம்தான். அந்தத் தேதியில் சூரியன் மறைவது நாலரைக்குக் கொஞ்சம் மேல். மூன்றரைக்கு உட்கார்ந்தால் அடுக்குத் தட்டில் வருகிற சாண்ட்விச், ஸ்கோன், கேக் எல்லாவற்றையும் மெதுவாகச் சாப்பிட்டு முடிக்கும்போது வெளிச்சம் மாறத் தொடங்கும். இங்கே எல்லோரும் செய்கிற தப்பு, சூரியன் எந்தப் பக்கம் மறைகிறதோ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பது. குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்கே, ஹேஷம் மேட்டுப் பக்கம் இறங்கிவிடும். நீங்கள் பார்க்கவேண்டியது அதற்கு வலப்புறம், விரிகுடாவுக்கு அக்கரையில். லேக் டிஸ்டிரிக்ட் மலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அன்றைக்கு உச்சிகளில் பனி இருந்தது. பக்கவாட்டில் விழுந்த வெயிலில் அந்த வெள்ளை முதலில் மஞ்சளானது, அப்புறம் மாதுளை முத்தின் நிறம், அப்புறம் சாம்பல். அடிவாரம் ஏற்கெனவே இருட்டு, உச்சிகள் மட்டும் அந்தரத்தில். பத்து நிமிடம் இருக்கும். அப்பா பாதி ஸ்கோனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு, "பழனி மலைல சாயங்காலம் இப்பிடித்தான் ஒரு வெளிச்சம் விழும்" என்றார்.

ராத்திரி சாப்பாட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா சனிக்கிழமை அசைவம் தொடமாட்டார், மரக்கறி வகையில் ஒன்று சொன்னோம், நன்றாக இருந்தது. அறையில் கெட்டில் உண்டு. வீட்டிலிருந்து சுக்கு மல்லிப் பொடியும் கருப்பட்டியும் கொண்டு போயிருந்தேன், அது பேருதவி. வயதானவர்களுக்கு நடு ராத்திரியில் வேண்டியது அதுதான். காற்று இரவு முழுக்க ஜன்னலில் விசில் அடித்தது. சத்தம் ஆகாதவர்கள் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது பிடித்திருந்தது.

ஐந்தரை மணிக்கு எழுந்தபோது அப்பாவின் கட்டில் காலி. பயந்துபோய்ப் பார்த்தால், திரையை ஒதுக்கி நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விளக்கு போடப் போனேன். "போடாத சாமி" என்றார். தைப்பூசம் கழிந்து மூன்றாம் நாள் நிலா, கொஞ்சம் தேய்ந்தது, மேற்கே சாய்ந்திருந்தது. கடல் எங்கோ போயிருந்தது. அது விட்டுப்போன ஈர மணல் முழுக்க நிலா வெளிச்சம். வாய்க்கால்கள் மட்டும் கூடுதலாக மின்னின. அக்கரையில் சின்னச் சின்ன ஊர் விளக்குகள். எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேட்டதற்கு மூன்றரை என்றார். நான் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு விடியும் வரை நாங்கள் அதிகம் பேசவில்லை. கல்யாணமாகி வந்த பிறகு அப்பாவோடு தனியாக அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யவேண்டும். ஓதம் உச்சத்துக்கு வருவது ஒரு மணிக்கு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள், காலி செய்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பெட்டியை வரவேற்பில் விட்டுவிட்டு ஓட்டலை ஒட்டி நீளும் கல் ஜெட்டிக்குப் போங்கள். ஒரு காலத்தில் ரயில் இந்த ஜெட்டி வரைக்கும் வந்து, இங்கிருந்து கப்பல் போனது. முனையில் சின்னக் கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. பத்தரைக்கே நாங்கள் அங்கே போய்விட்டோம்.

தண்ணீர் அலையாக வரும் என்று எதிர்பார்த்தேன். அப்படி வரவில்லை. முதலில் வாய்க்கால்களில் ஓட்டம் திசை மாறியது. கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது, பிறகு கரையை நோக்கி ஓடத் தொடங்கியது. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் வறண்ட காவிரியில் எப்படி வந்து சேரும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நுரையும் சருகுமாக ஒரு நாக்கு பள்ளம் பார்த்து நீளும், மேட்டைச் சுற்றி இரண்டாகப் பிரியும், மேட்டுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளும். அச்சு அசல் அதேதான். நம் முன்னால் இருக்கிற மணல் மேடு இன்னும் காய்ந்து கிடக்கும், அதன் பின்பக்கம் தண்ணீர் சூழ்ந்து முடிந்திருக்கும். அப்பா ஒரு மணல் திட்டைக் காட்டி, கடிகாரத்தைப் பார்த்தார். அது மூழ்க எட்டு நிமிடம். குதிரை ஓடுகிற வேகத்தைவிட விரைவாகக் கடல் வரும் என்று இந்த ஊரில் சொல்வார்கள்.

தண்ணீரோடு பறவைகளும் வந்தன. மணலில் பரவி மேய்ந்துகொண்டிருந்தவை இடம் சுருங்கச் சுருங்கக் கரைக்கு நெருங்கி வரும், கடைசியில் ஜெட்டியின் பாறைகளில் தோளோடு தோள் உரசி வந்து உட்காரும். கறுப்பு வெள்ளை உடம்பும் செம்மஞ்சள் அலகுமாக ஆய்ஸ்டர்கேட்சர்கள். நாட் என்கிற சின்னச் சாம்பல் பறவைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து புகை மாதிரி எழுந்து திரும்பும்போது ஒரு கணம் கறுப்பு, ஒரு கணம் வெள்ளை. இது குளிர்காலத்துக் காட்சி. இவை வடதுருவப் பக்கத்திலிருந்து குளிரைத் தப்பி இங்கே வருகின்றன, கோடையில் பெரும்பாலும் கிளம்பிவிடும். பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். கரையோரம் எரிக் மோர்கமின் சிலை இருக்கிறது, இந்த ஊரில் பிறந்து ஊர்ப்பெயரையே வைத்துக்கொண்ட நகைச்சுவைக் கலைஞர், அவர் கழுத்தில்கூட பைனாகுலர் தொங்கும். பறவை பார்ப்பதில் அவ்வளவு ஆசை அவருக்கு.

மணலில் இறங்கி நடக்கலாமா என்று அப்பா கேட்டார். கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். 2004 பிப்ரவரி 5-ம் தேதி இரவு, இங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தூரத்தில், மணலில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களைக் கடல் சூழ்ந்துகொண்டது. குறைந்தது 21 பேர் இறந்தார்கள். முறையான ஆவணம் இல்லாதவர்கள், ஓதம் பற்றி எதுவும் தெரியாதவர்கள், இருட்டிலும் குளிரிலும் அவர்களை மணலில் இறக்கி வேலை வாங்கியவன் பிறகு சிறைக்குப் போனான். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் விவசாயம், சிப்பி பொறுக்குவது போன்ற வேலைகளுக்குக் கூலியாட்களைப் பிடித்துக்கொடுக்கிற ஏஜென்ட்டுகளுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் அதே ஆண்டு முழு வேகத்தில் நிறைவேறியது. ஊரைவிட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்கு அந்த மணலைப் பார்க்கும்போது அவர்கள் நினைவுக்கு வராமல் போகக்கூடாது. புதைமணலும் உண்டு, வாய்க்கால்கள் ஒவ்வொரு ஓதத்துக்கும் இடம் மாறுகின்றன. கடக்க விரும்புகிறவர்களுக்காக அரசர் நியமிக்கிற மணல் வழிகாட்டி என்று ஒரு பதவியே பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது, அவர் கூட்டிப்போகும் நடைப்பயணத்தில் மட்டும் போகலாம். யாராவது மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் நீங்கள் இறங்காமல் 999-ஐக் கூப்பிட்டு கோஸ்ட்கார்டு என்று கேளுங்கள். சேற்றில் ஓடக்கூடிய மீட்பு ஹோவர்கிராஃப்ட் இந்த ஊரிலேயே நிற்கிறது.

மதியம் உள்ளே வந்து இந்த விரிகுடாவின் சின்னப் பழுப்பு இறாலைச் சாப்பிட்டோம். வேகவைத்து உரித்து, ஜாதிபத்திரி போட்ட வெண்ணெயில் ஊறவைத்துச் சின்னக் கிண்ணத்தில் தருவார்கள், சூடான ரொட்டியில் வைத்தால் வெண்ணெய் உருகும். நம் நாக்குக்கு உப்பு உறைப்பு குறைவுதான். ஆனால் ஜாதிபத்திரி வாசனை அப்பாவுக்குப் பிடித்துப்போனது, இன்னொரு கிண்ணம் கேட்டார்.

திரும்பும்போதுதான் ஒரு கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை என்று எங்கள் ரயிலை ரத்து செய்து பஸ் விட்டிருந்தார்கள். குளிர்கால ஞாயிறுகளில் இங்கே இது சாதாரணம், முந்தின நாளே பார்த்திருக்கவேண்டியது என் பொறுப்பு. எழுபது வயதுக்காரரை வைத்துக்கொண்டு, கழிப்பறை இல்லாத பஸ்ஸில், மலைப்பாதையில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, ஆனால் முகம் வெளுத்துப் போயிருந்தது. முடிந்தால் சனி ஞாயிறுக்குப் பதில் ஞாயிறு திங்கள் என்று எடுங்கள். ஞாயிறு இரவு வாடகையும் பொதுவாகக் குறைவு, திங்கட்கிழமை ரயிலும் ஒழுங்காக ஓடும்.

கிளம்புவதற்கு முன்னால் கடைத்தெருவில் அப்பா ஒரு சின்னப் புத்தகம் வாங்கியிருந்தார், உள்ளங்கை அகலம், அந்த வருடத்து ஓத நேரம் தேதி வாரியாக. பஸ்ஸில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத்தான் படித்துக்கொண்டு வந்தார். அமாவாசை, பௌர்ணமி தேதிகளுக்கு நேராகப் பேனாவால் புள்ளி வைத்தார். இப்போது ஈரோட்டு வீட்டில் தினசரி காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் நூல் கட்டித் தொங்குகிறது என்று அம்மா சொன்னார். போன பௌர்ணமி கழிந்த மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்கு ஈரோட்டிலிருந்து போன். இங்கே மணி பன்னிரண்டு.

"ஏங்கண்ணு, இந்நேரம் அங்க தண்ணி செவுத்தத் தொட்டிருக்குமா?"

"தொட்டிருக்கும்ங்கப்பா" என்றேன்.